முந்தும் முன் எதிர்ச்சாலையை அளந்து பாருங்கள்

 

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையை அழைத்து வர மதுரைக்கோ திருச்சிக்கோ வேன் பிடித்துப் போகாத குடும்பம் நம் ஊர்ப்பக்கம் அரிது. கல்யாணம், மவுத்து, மருத்துவமனை, கல்லூரிச் சேர்க்கை என்று எல்லாவற்றுக்கும் சாலைதான். அந்தப் பயணங்களில் ஓட்டுபவர் எத்தனையோ முறை இன்னொரு வாகனத்தை முந்துகிறார். நாம் பின் இருக்கையில் பேசிக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருப்போம். அந்தச் சில வினாடிகளில் வண்டி எதிர்த்திசையில் வருபவருக்கு உரிய பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர் என்று வருகிறது. நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இவை எல்லாமே முந்தும்போது நடந்தவை அல்ல. ஆனால் இரண்டு வாகனங்கள் நேருக்கு நேர் மோதும் விபத்து எப்படி நேர்கிறது என்று பார்த்தால், அவற்றில் ஒன்று தன் பாதையை விட்டு எதிர்ப் பாதைக்குள் வந்திருக்கும். வண்டிகள் பெரும்பாலும் அப்படி வருவது முந்துவதற்காகத்தான். ஆகவே இந்த ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொண்டு, எப்போது முந்தலாம், எப்போது கூடாது, ஏன் கூடாது என்பதை விளக்க விரும்புகிறோம்.

நால்வழிச் சாலையின் பழக்கம்

மதுரையிலிருந்து இராமநாதபுரம் வரும் சாலையைப் பாருங்கள். பரமக்குடி வரை நால்வழிச் சாலை. நடுவே தடுப்பு இருக்கிறது. முந்துவதற்கு வலப்பக்கம் ஒதுங்கினாலும் அது நம் திசைக்கு உரிய பாதைதான். எதிரே வருபவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகிறார். பரமக்குடி தாண்டியதும் சத்திரக்குடி வழியாக இராமநாதபுரம் வரை இருவழிச் சாலை. இந்தப் பகுதியையும் நால்வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அந்தப் பணி முடியும் வரை, முந்துவதற்கு வலப்பக்கம் ஒதுங்கினால் எதிரே வருபவரின் பாதைக்குள் போகிறோம்.

சாலை மாறுகிறது, ஓட்டுபவரின் கைப்பழக்கம் மாறுவதில்லை. ஒரு மணி நேரமாக வலப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி முந்தி வந்தவர், இருவழிச் சாலையிலும் அதே வேகத்தில், அதே துணிச்சலில் ஒதுங்குகிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி போகும் பக்கமும், தேவிபட்டினம், தொண்டி போகும் பக்கமும் இதே நிலைதான். சாலை வழவழப்பாக இருக்கிறது, வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் முந்துவதற்கென்று தனிப் பாதை கிடையாது. எதிரே வருபவரின் பாதையைச் சில வினாடிகள் நாம் இரவல் வாங்குகிறோம். இரவல் வாங்கியதை, உரியவர் வந்து சேரும் முன் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

எத்தனை தூரம் காலியாக இருக்க வேண்டும்?

“எதிரே வண்டி வருது, ஆனா தூரத்துலதான் வருது, போயிரலாம்” என்று ஓட்டுபவர் சொல்லக் கேட்டிருப்போம். தூரம் என்றால் எத்தனை தூரம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

முன்னால் ஒரு பேருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் நீளம் 12 மீட்டர். நம் கார் 4 மீட்டர். பேருந்துக்கு 20 மீட்டர் பின்னால் வலப்பக்கம் ஒதுங்குகிறோம். முந்திய பிறகு 20 மீட்டர் இடைவெளி விட்டு மீண்டும் இடப்பக்கம் சேர்கிறோம். அப்படியானால் பேருந்தைவிட நாம் 56 மீட்டர் அதிகமாகக் கடக்க வேண்டும்.

நம் வேகம் 80 என்று வைத்துக்கொள்வோம். பேருந்தைவிட 20 கிலோமீட்டர் கூடுதல். இது வினாடிக்கு ஐந்தரை மீட்டர் அளவுதான். எனவே 56 மீட்டரைக் கடக்க 10 வினாடிகள் ஆகின்றன. அந்தப் 10 வினாடிகளில் நம் கார் சாலையில் 220 மீட்டர் ஓடிவிடும். எதிரே ஒரு வாகனம் 80 வேகத்தில் வந்தால் அதுவும் 220 மீட்டர் வந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் 440 மீட்டர். இது மயிரிழையில் தப்பிப்பதற்கான தூரம். கொஞ்சமாவது பாதுகாப்பு வேண்டுமென்றால் அரை கிலோமீட்டருக்கு மேல் சாலை காலியாகத் தெரிய வேண்டும்.

இப்போது நம் வேகம் 70 மட்டும் என்று வையுங்கள். வேகம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. பேருந்தைவிட 10 கிலோமீட்டர்தான் கூடுதல் என்பதால், முந்தி முடிக்க 20 வினாடிகள் ஆகும். அதற்குள் நாம் 390 மீட்டர் ஓடியிருப்போம். எதிரே வருபவர் 440 மீட்டர் வந்திருப்பார். மொத்தம் 830 மீட்டர்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். முதலாவது, முன்னால் போகும் வண்டி நம் வேகத்துக்குக் கிட்டத்தட்ட நிகராகப் போகிறதென்றால் அதை முந்தவே வேண்டாம். இரண்டாவது, வேகத்தைக் கூட்ட வண்டியில் சக்தி இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வேனில் பத்துப் பேர், மேலே கேரியரில் பெட்டிகள், உள்ளே ஏசி என்றால், காலியாகப் போகும்போது சட்டென்று எகிறிய அதே வண்டி இப்போது அசைந்து அசைந்துதான் வேகமெடுக்கும். நூறு சிசி பைக்கில் பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு லாரியை முந்தப் பார்ப்பதும் இதே கதைதான். வண்டி பாதியில் திணறும். எதிரே வருபவருக்கு அது தெரியாது.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். நாம் 80, எதிரே வருபவர் 80 என்றால் இரண்டு வண்டிகளும் வினாடிக்கு 44 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. “போகலாமா, வேண்டாமா” என்று இரண்டு வினாடி யோசித்தால் 90 மீட்டர் போய்விட்டது. ஆகவே யோசனை இடப்பக்கம் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

ஒட்டிப் போகாதீர்கள்

முந்த நினைப்பவர்கள் பெரும்பாலும் முன் வண்டியின் பின்புறத்தை முட்டுவது போல் ஒட்டிப் போகிறார்கள். வாய்ப்புக் கிடைத்ததும் பாய்ந்துவிடலாம் என்ற எண்ணம். இது எதிர்ப்பலனையே தருகிறது. லாரியை ஒட்டிப் போனால் லாரியின் பின் பலகை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். எதிரே பார்க்க வேண்டுமென்றால் வண்டியின் பாதியை வலப்பக்கம் நீட்ட வேண்டும். எட்டிப் பார்ப்பதே ஆபத்தாகிவிடும்.

பின்வாங்கி இருங்கள். முன் வண்டி ஒரு மின்கம்பத்தையோ மைல்கல்லையோ தாண்டும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். மூன்று எண்ணி முடித்த பிறகே நீங்கள் அதே இடத்துக்கு வர வேண்டும். 60 வேகத்தில் இது 50 மீட்டர் இடைவெளி. அங்கிருந்து பார்த்தால் லாரிக்கு இரண்டு பக்கமும் சாலை தெரியும். மழையில் இன்னும் கூடுதலாக விலகுங்கள். லாரிச் சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் கண்ணாடியை மூடிவிட்டால் எதிரே வருவது எதுவும் தெரியாது.

பின்வாங்கி இருப்பதில் மற்றொரு நன்மையும் உண்டு. லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்களையும் அவருக்குத் தெரியவில்லை என்றே பொருள். ஒட்டிப் போகிறவர் லாரிக்காரர் கண்ணுக்கு இல்லாதவர். இல்லாதவருக்காக யாரும் ஒதுங்க மாட்டார்கள்.

முந்தும் முறை

சாலை காலியென்று உறுதியானதும் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்.

முதலில் பின்னால் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் ஏற்கனவே உங்களை முந்தத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் அவர் போகும் வரை நீங்கள் அசையக் கூடாது.

முன் வண்டியும் தனக்கு முன்னால் போகும் வேறொன்றை முந்த இருக்கிறதா என்று பாருங்கள். லாரிக்கு முன்னால் ஒரு டிராக்டர் ஊர்ந்துகொண்டிருந்தால் லாரி எந்த நேரமும் வலப்பக்கம் வரும்.

வலது இண்டிகேட்டர் போடுங்கள். தேவையானால் ஒருமுறை ஹாரன் கொடுங்கள். இரவென்றால் விளக்கை ஒருமுறை ஏற்றி இறக்குங்கள். இது “நான் வருகிறேன்” என்ற தகவல் மட்டுமே. ஹாரன் அடித்துவிட்டால் வழி நம்முடையது ஆகிவிடாது.

இடப்பக்கம் இருக்கும்போதே கியரைக் குறைத்து வேகம் பிடியுங்கள். வேகம் ஏறிய பிறகு ஒதுங்குங்கள். ஒதுங்கிய பிறகு வேகத்தைத் தேடுவது தாமதம்.

முந்தும்போது பக்கவாட்டில் போதிய இடைவெளி விடுங்கள். சைக்கிள், மாட்டுவண்டி, ஆட்டுமந்தை என்றால் இன்னும் கூடுதலாக விடுங்கள். சைக்கிளில் போகும் பெரியவர் ஒரு பள்ளத்தைக் கண்டு ஒரு முழம் வலப்பக்கம் திருப்பினாலும் அவருக்கு ஆபத்து வரக் கூடாது.

முந்திய வண்டியின் முன்விளக்குகள் இரண்டும் உள் கண்ணாடியில் முழுதாகத் தெரிந்த பிறகே இடது இண்டிகேட்டர் போட்டு உள்ளே சேருங்கள். பாதி தெரியும்போதே வெட்டித் திரும்பினால் அவர் திடீரென்று பிரேக் போட வேண்டியிருக்கும். சுமை ஏற்றிய லாரி அப்படி நிற்காது.

ஒரு தடவையில் ஒரு வண்டியை மட்டும் முந்துங்கள். வரிசையாக மூன்று லாரிகள் போனால் மூன்றையும் ஒரே மூச்சில் தாண்டும் எண்ணம் வேண்டாம். நடுவே ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொள்வோம். அதேபோல், முந்திப் போகும் ஒருவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு நாமும் போவது மிக ஆபத்தானது. அவர் எதிரே பார்த்துவிட்டுப் போகிறார். நாம் அவர் முதுகைப் பார்த்துவிட்டுப் போகிறோம். அவர் உள்ளே சேர்ந்ததும் எதிரே வருபவருக்கு நேராக நாம் நிற்போம்.

பாதி வழியில் கணக்குத் தப்பிவிட்டது என்று தெரிந்தால் வீம்பு வேண்டாம். பிரேக்கை அழுத்தி, முந்த நினைத்த வண்டிக்குப் பின்னால் மீண்டும் சேர்ந்துகொள்ளுங்கள். இதற்காகத்தான், பின்னால் வருபவர்களும் நாம் விட்டுப்போன இடத்தை உடனே வந்து அடைக்காமல் இருக்க வேண்டும்.

சைகைகளை நம்பி ஓட்டாதீர்கள்

நம் சாலைகளில் லாரி டிரைவர்கள் இண்டிகேட்டரால் பேசுவார்கள். இடது இண்டிகேட்டர் போட்டால் “போகலாம்” என்றும், வலது இண்டிகேட்டர் போட்டால் “எதிரே வண்டி வருகிறது, வராதே” என்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. அவர்கள் நல்லெண்ணத்தில் செய்கிறார்கள். ஆனால் அதே வலது இண்டிகேட்டருக்கு “நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்” என்றும் பொருள் உண்டு. இடது இண்டிகேட்டருக்கு “நிறுத்தப் போகிறேன்” என்றும் பொருள் உண்டு. எது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் கையசைத்து “வா” என்றாலும், அவர் அளந்தது அவர் கண்ணுக்குத் தெரிந்த சாலையை. நம் வண்டியின் சக்தியும் சுமையும் அவருக்குத் தெரியாது. சைகை ஒரு தகவல். முடிவு நம் கண்ணால் பார்த்த பிறகே.

எங்கெங்கே முந்தவே கூடாது

வளைவுகளில் கூடாது. நம் பக்கம் சாலையோரத்தில் அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேல மரங்கள் சிறு வளைவைக்கூட மறைத்துவிடும். மேம்பாலத்திலும் மேட்டிலும் ஏறும்போது கூடாது. உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறதென்று யாருக்கும் தெரியாது. குறுகிய பாலங்களில் கூடாது, ஒதுங்க இடமிருக்காது. நாற்சந்தி, ஊருக்குள் பிரியும் கிளைச்சாலை, ரயில்வே கேட், பாதசாரிகள் கடக்கும் கோடு, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் அருகிலும் கூடாது. கிளைச்சாலையிலிருந்து இடப்பக்கமாக ஏறி வரும் பைக்காரர் தன் வலப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஏறுவார். முந்துவதற்காக அவருடைய பாதையில் எதிரே நாம் வருவோம் என்று அவர் எண்ணவே மாட்டார்.

சாலை நடுவே போட்டிருக்கும் கோடுகளும் இதைத்தான் சொல்கின்றன. விட்டு விட்டுப் போட்ட கோடு என்றால் வழி காலியாக இருக்கும்போது தாண்டி முந்தலாம். விடாமல் போட்ட கோடு என்றால் தாண்டக் கூடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நம் பக்கம் உள்ள கோட்டைப் பாருங்கள். விட்டு விட்டு இருந்தால் நமக்கு அனுமதி. தொடர்ந்து இருந்தால் நமக்கு இல்லை. அந்தக் கோடு போட்டவர்கள் அந்த இடத்தில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

இடப்பக்கமாக முந்துவது

நம் நாட்டு விதிப்படி வலப்பக்கமாகவே முந்த வேண்டும். முன் வண்டி வலப்பக்கம் திரும்புவதற்காகச் சைகை காட்டி நடுவே ஒதுங்கிவிட்டால் மட்டும் அதன் இடப்பக்கமாகக் கடக்கலாம். ஆனால் பைக் ஓட்டும் நம் பிள்ளைகள் சந்து கிடைத்தால் போதும் என்று இடப்பக்கம் நுழைகிறார்கள்.

பேருந்தின் இடப்பக்கம் என்பது மக்கள் இறங்கும் பக்கம். நிற்கும் முன்பே ஒருவர் காலை எடுத்து வைப்பார். லாரியோ பேருந்தோ இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போவதில்லை. இன்னும் உள்ளே வெட்டிக்கொண்டு போகும். முன்பக்கம் தாராளமாக இடமிருப்பதைப் பார்த்து நுழைந்த பைக், பின்சக்கரத்துக்கும் சாலையோரத்துக்கும் நடுவே நசுங்கும். டிரைவருக்கு இது தெரியாமலேயே நடந்து முடிந்துவிடும்.

நின்றிருக்கும் பேருந்தை வலப்பக்கமாகத் தாண்டும்போதும் வேகத்தைக் குறையுங்கள். இறங்கிய குழந்தை பேருந்தின் முன்பக்கமாக ஓடி வந்து சாலையைக் கடக்கும். அந்தக் குழந்தையை நமக்கும், நம்மை அந்தக் குழந்தைக்கும் பேருந்து மறைத்துக்கொண்டிருக்கும்.

பைக்கில் போகிறவர்களுக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு எச்சரிக்கை. பக்கவாட்டில் காற்று வீசும்போது லாரியை முந்தினால், லாரி காற்றை மறைத்திருக்கும் வரை வண்டி நிதானமாக ஓடும். லாரியின் முகப்பைத் தாண்டிய நொடியில் காற்று சட்டென்று வந்து தள்ளும். இரண்டு கைகளாலும் பிடித்து, லாரியிலிருந்து நன்றாக விலகி முந்துங்கள்.

இரவும் மஃரிபு நேரமும்

இரவில் எதிரே வரும் விளக்கு எத்தனை தூரத்தில் இருக்கிறது, எத்தனை வேகத்தில் வருகிறது என்று கணிப்பது கடினம். ஒற்றை விளக்கு தெரிந்தால் பைக் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு விளக்கு அவிந்துபோன லாரியாகவும் இருக்கலாம். விளக்கே இல்லாமல் டிராக்டர் டிரெய்லரும், எதிர்த்திசையில் ஓரமாக வரும் சைக்கிளும் உண்டு. பகலில் முந்தத் தேவையான தூரத்தைப் போல இரண்டு மடங்கு காலியாகத் தெரிந்தாலன்றி இரவில் முந்தாதீர்கள். எதிரே வண்டி வரும்போது விளக்கைத் தாழ்த்துங்கள். அவருக்குக் கண் கூசினால் அவர் வருவது நம் மீதுதான்.

ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குள் வீடு சேர வேண்டும் என்று அசருக்குப் பிறகு பலர் விரைகிறார்கள். அப்போது வெளிச்சம் மங்கும் நேரம், உடம்பிலும் களைப்பு, எல்லோரும் அதே அவசரத்தில். வண்டியில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எப்போதும் வைத்திருங்கள். நேரம் வந்ததும் ஓரமாக நிறுத்தி நோன்பு திறந்துவிட்டுப் போகலாம். விரைவதற்கான காரணமே இல்லாமல் போய்விடும்.

நம்மை ஒருவர் முந்தும்போது

நம்மை முந்துகிறவரிடம் கோபம் கொள்பவர்கள் இருக்கிறார்கள். “என்னையா முந்துறே?” என்று ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார்கள். இருவரும் பக்கம் பக்கமாக ஓட, எதிரே வருகிற மூன்றாமவருக்குப் போக வழியில்லை. நம்மை ஒருவர் முந்தத் தொடங்கினால் வேகத்தைக் கூட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. இடப்பக்கம் சற்று ஒதுங்கி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, அவர் உள்ளே சேர இடம் கொடுங்கள். அவர் தவறாகவே முந்தினாலும் சரி. அவருடைய தவறுக்கான விலையை எதிரே வரும் ஒரு குடும்பம் கொடுக்க விடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 184ஆவது பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவது பற்றியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, விதிக்கு மாறாக முந்துவதும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கவனக்குறைவால் ஓர் உயிர் போய்விட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

பெற்றோர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது 199ஏ பிரிவு. 18 வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், வண்டியைக் கொடுத்த பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. உரிமம் இல்லாதவர் ஓட்டிய வண்டியால் பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு கொடுத்தாலும், அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க நேரிடும். வீட்டை விற்று அடைக்க வேண்டிய கடனாக அது வரலாம்.

மிச்சமாகும் நேரம் எவ்வளவு?

இத்தனை ஆபத்தும் எதற்காக என்று பார்ப்போம். பரமக்குடியிலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பேருந்தின் பின்னாலேயே 60 வேகத்தில் வந்தால் 40 நிமிடம். வழி முழுக்கக் காலியாக இருந்து 80 வேகத்தில் வந்தால் 30 நிமிடம். ஆனால் வழி முழுக்கக் காலியாக ஒருநாளும் இருப்பதில்லை. ஒரு பேருந்தை முந்தினால் அடுத்த லாரியின் பின்னால் நிற்போம். ஊருக்குள் வேகம் குறையும். கடைசியில் கையில் மிஞ்சுவது நான்கைந்து நிமிடம் இருந்தாலே அதிகம். பேருந்து நிலையத்தருகே நெரிசலில், நாம் உயிரைப் பணயம் வைத்து முந்திய அதே பேருந்து நம் பின்னாலேயே வந்து நிற்பதை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம்.

அந்த நான்கைந்து நிமிடத்தைப் புறப்படும்போதே சம்பாதித்துக்கொள்ளலாம். விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். வழியனுப்ப வந்தவர்களின் முஸாபஹாவும் கண்ணீரும் வாசலில் நேரமெடுக்கத்தான் செய்யும். அதையும் கணக்கில் சேர்த்தே நேரம் குறியுங்கள். வாசலில் போன நேரத்தைச் சாலையில் மீட்டுத் தரும்படி டிரைவரிடம் கேட்காதீர்கள். “சீக்கிரம் போப்பா, ஃபிளைட்டுக்கு நேரமாச்சு” என்ற ஒரு சொல்தான் அவரை எதிர்ப் பாதைக்குள் தள்ளுகிறது.

உடன் பயணிப்பவர்களின் பங்கு

வண்டி ஓட்டுபவர் ஒருவராக இருக்கலாம், உயிர் எல்லோருடையதும்தான். வாடகை வேன் பேசும்போதே, “எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, அவசரமா முந்த வேணாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரவு முழுக்க ஓட்டிவிட்டு வந்தாரா என்று கேளுங்கள். ஓட்டும்போது அவருக்குப் போன் வந்தால் நிறுத்திப் பேசச் சொல்லுங்கள்.

நம் பெண்கள் வண்டியில் பயந்துபோய்ப் பின்னால் வாய்க்குள் ஓதிக்கொண்டு வருவார்கள்; சத்தமாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சொல்லுங்கள். “தம்பி, நமக்கு அவசரம் ஒண்ணுமில்லை, மெதுவாவே போங்க” என்று உம்மாவோ லாத்தாவோ சொன்னால் எந்த டிரைவரும் கேட்பார். சொந்தக் காக்காவோ மச்சானோ ஓட்டினால் இன்னும் உரிமையோடு சொல்லலாம். மனம் நோகுமே என்று வாய் மூடியிருக்கும் நேரம் இதுவல்ல.

பைக் ஓட்டும் பிள்ளைகளை வாப்பாமார்கள் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். அவன் எப்படி முந்துகிறான், கண்ணாடி பார்க்கிறானா, இண்டிகேட்டர் போடுகிறானா, பேருந்தின் இடப்பக்கம் நுழைகிறானா என்று கவனியுங்கள். தவறைக் கண்டால் இறங்கிய பிறகு பொறுமையாகச் சொல்லுங்கள். ஹெல்மெட் இல்லாமல் சாவியைக் கையில் கொடுக்காதீர்கள். பெருநாளன்று நண்பர்களோடு கூட்டமாகப் பைக்கில் கிளம்பும்போதுதான் ஒருவரை ஒருவர் முந்தும் போட்டி தொடங்குகிறது. அன்றைக்குச் சாவி எங்கே இருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்கட்டும்.

நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி மனுக்களில், தந்தை பெயருக்கு முன்னால் ‘மர்ஹூம்’ என்றும் காரணத்தில் ‘சாலை விபத்து’ என்றும் எழுதியவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. பள்ளிக் கட்டணத்தை நம்மால் கட்ட முடிகிறது. அதற்கு மேல் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

அடுத்த முறை முன்னால் ஒரு லாரி ஊர்ந்து போகும்போது மூன்று எண்ணும் இடைவெளியில் பின்வாங்கி, எதிர்ச்சாலையைப் பாருங்கள். அரை கிலோமீட்டருக்கு மேல் தெளிவாகத் தெரிகிறதா? கோடு அனுமதிக்கிறதா? வண்டிக்குச் சக்தி இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் முந்துங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் பின்னாலேயே போங்கள். நான்கு நிமிடம் தாமதமாக, இன்ஷா அல்லாஹ், எல்லோரும் வீடு சேர்ந்துவிடலாம்.